ஆபரேஷன் அன்று காலை மாத்திரை உண்டா?

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சாதம், டிபன் எதுவும் கூடாது, வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாற்றுப்புடவை, பிளாஸ்க், டம்ளர், போர்வை, பணம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அப்போதுதான் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "அது சரி, தினமும் காலையில போடுற பிரஷர் மாத்திரை?"

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் மூன்று விதமான பதில்கள் உண்டு. "வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதான், மாத்திரையும் கூடாது" என்பார் ஒருவர். "மாத்திரை என்ன சாப்பாடா? எல்லாத்தையும் ஒரு வாய் தண்ணியில போட்டுக்கட்டும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "பயத்துல பிரஷர் ஏறும், ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுவிடுங்க" என்பார். மூன்றுமே பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மூன்றுமே ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும். ஏனென்றால் இதற்கு ஒரே பதில் கிடையாது. மாத்திரைக்கு மாத்திரை பதில் மாறுகிறது.

எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய ஆபரேஷன் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறவேண்டும். 2022 ஜனவரியில் எங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம், 2021 ஆகஸ்டில், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தமிழக அரசு ஒரு திட்டம் ஆரம்பித்தது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளைத் தன்னார்வலர் பெண்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம். வயலுக்கும் முந்திரிக் காட்டுக்கும் போகிற பெண்கள் மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விடவேண்டியதில்லை.

ஆனால் இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. மாத்திரை கொடுப்பவர் ஒருவர், கத்தி வைப்பவர் ஒருவர், மயக்க மருந்து கொடுப்பவர் இன்னொருவர். இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவது அபூர்வம். மூன்று பேரையும் பார்ப்பவள் வீட்டில் இருக்கும் நாம்தான்.

என் மாமியார் கதை

என் மாமியாருக்கு 62 வயது. கர்ப்பப்பை இறக்கம். பல வருஷமாக யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். குனிந்து நிமிர்ந்து வேலை செய்த கிராமத்துப் பெண்களிடம் இது எவ்வளவு சாதாரணம், எவ்வளவு பேர் வெளியே சொல்லாமலே காலம் தள்ளுகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள்.

முதல் நாள் மத்தியானம் சேர்த்தோம். மயக்க மருந்து டாக்டரம்மா வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி நிமிஷத்துக்கு 112. பிரஷர் 190-க்கு 100. "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

மாமியார் பெருமையாகவே சொன்னார்: "சாமிக்கு மாவிளக்குப் போடுறப்ப விரதம் இருக்கோமில்ல, அது மாதிரி உடம்பு சுத்தமா இருக்கட்டும்னு மூணு நாளா எல்லா மாத்திரையையும் நிறுத்திப்புட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எடுத்துக் கொடுத்த மாத்திரையெல்லாம் தலையணைக்கு அடியில் இருந்திருக்கிறது! டாக்டரம்மா கோபிக்கவில்லை. "பையில என்னென்ன இருக்கு, எல்லாத்தையும் கொட்டுங்க" என்றார். நான் அட்டைகளைக் கட்டிலில் பரப்பினேன். நாலு மாத்திரை. ஊரில் வாசலுக்கு வரும் அடினோலால். திருச்சி டாக்டர் சேர்த்த லோசார்டன். ராத்திரி போடும் கொழுப்பு மாத்திரை அடர்வாஸ்டாட்டின். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின்.

அவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து வைத்துச் சொன்னதை நான் அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். வாசகிகளுக்கு உபயோகமாக இருக்கும் என்பதால் அப்படியே தருகிறேன்.

அடினோலால் இதயத் துடிப்பை நிதானப்படுத்துகிற வகை. மெட்டோபுரோலால், புரோபிரனலால், பிசோபுரோலால் எல்லாம் இதற்கு அக்கா தங்கைகள். இதை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவே கூடாது. பயம், வலி, ஓட்டம் என்றால் உடம்பில் அட்ரினலின் என்ற ஒரு சுரப்பு ஊறி இதயத்தை விரட்டும். அந்த விரட்டல் இதயத்தில் படாமல் இந்த மாத்திரை தடுத்துக்கொண்டிருக்கிறது. இதயமோ, இத்தனை நாள் அட்ரினலின் சரியாகக் கிடைக்காத குறையில், அதை வாங்கிக்கொள்ளும் இடங்களை அதிகமாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தினதும் எல்லா வாசலும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி ஆகிவிடுகிறது. நாடி ஓடும், பிரஷர் ஏறும், இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரில் இதைப் போட்டுவிட வேண்டியதுதான்.

லோசார்டன் வேறு ஜாதி. டெல்மிசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதன் பக்கம். மயக்கம் கொடுத்தவுடன் எல்லோருக்குமே பிரஷர் கொஞ்சம் இறங்கும். இந்த மாத்திரை உடம்பில் இருந்தால் கூடுதலாக இறங்கும். அதனால் பல டாக்டர்கள் 24 மணி நேரம் முன்னதாகவே இதை நிறுத்தச் சொல்கிறார்கள். பிரான்ஸில் 2,222 நோயாளிகளை வைத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2024-ல் வெளிவந்தது. நிறுத்தினவர்கள், தொடர்ந்தவர்கள் இரண்டு கட்சிக்கும் பெரிய சிக்கல்கள் ஒரே அளவில்தான் இருந்தன. ஆனால் தொடர்ந்தவர்களுக்கு ஆபரேஷன் மேஜையில் பிரஷர் அதிகம் இறங்கியது. ஆகவே இதில் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசமாகச் சொன்னால் குழம்பவேண்டாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இதையே நிறுத்தாமல் கொடுப்பதும் உண்டு.

கொழுப்பு மாத்திரையை நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை. டாபாகிளிஃப்ளோசினை மட்டும் மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும். பட்டினி கிடக்கும்போது அது உடம்பில் இருந்தால், சர்க்கரை அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். இப்போது இந்த மாத்திரையைச் சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். 'எனக்குத்தான் சர்க்கரை இல்லையே' என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

"பாருங்க, நாலையும் நிறுத்துனதுல ஒண்ணு சரியாப் போச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். ஆபரேஷனை எட்டு நாள் தள்ளிப்போட்டு, அடினோலாலைத் திரும்ப ஆரம்பித்து, நாடி 70-க்கு வந்தபிறகு செய்தார்கள். எந்த அசம்பாவிதமும் இல்லை. நாங்கள் ஊருக்கும் திருச்சிக்கும் அலைந்த பஸ் செலவும், வீட்டுக்காரர் போட்ட எட்டு நாள் லீவும்தான் நஷ்டம்.

டாக்டர்களுக்கே மாறிவந்த கணக்கு

"போன தடவை ஒரு டாக்டர் நிறுத்தச் சொன்னார், இந்தத் தடவை நிறுத்தாதே என்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்கிறோம். இந்தப் பாடத்தை மருத்துவர்களும் பல தடவை திருத்தித் திருத்தித்தான் எழுதியிருக்கிறார்கள். அதில் முதல் அத்தியாயம் நம் நாட்டு மூலிகையிலிருந்து ஆரம்பமாகிறது என்பது பலருக்குத் தெரியாது.

சர்ப்பகந்தா வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் 1931-ல் எழுதினார்கள். 1934-ல் அது 'செர்பினா' என்ற பெயரில் மாத்திரையாகவே வந்தது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரத்தை 1949-ல் இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து 'ரிசர்பின்' என்று பெயர் வைத்தார்கள். வகீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

பெருமைப்படவேண்டியதுதான். ஆனால் அந்த 1950-களிலேயே ஒரு சிக்கல் தலைகாட்டியது. ரிசர்பின் சாப்பிடுகிறவர்களை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்தால் சிலருக்குப் பிரஷர் கிடுகிடுவென்று இறங்கியது. ஏற்றுவதற்குக் கொடுத்த மருந்தும் சரியாக வேலை செய்யவில்லை. பிரஷரைத் தூக்கிப் பிடிக்கிற சத்தை நரம்பு முனைகளிலிருந்தே இந்த மருந்து வழித்தெடுத்துவிடுகிறது என்பது காரணம். ஆகவே, பெரிய ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தவேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

அடுத்து 1960-களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த புரோபிரனலால் வந்தது. (இவருக்கு 1988-ல் நோபல் பரிசு.) சுட்ட பால் நினைவில் இதையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தவேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. நிறுத்தினபோது என்ன ஆயிற்று? நெஞ்சுவலிக்காரர்கள் சிலருக்கு மாரடைப்பே வந்தது. 1970-களின் நடுவில் அந்த விவரங்கள் வெளியானபின் சட்டம் தலைகீழாயிற்று: சாப்பிடுகிறவர்கள் நிறுத்தக்கூடாது. இன்றுவரை அதுதான் நிற்கிறது.

இதோடு விட்டிருந்தால் தேவலை. 'இதயத்தைக் காப்பாற்றுகிற மாத்திரை ஆயிற்றே, இதுவரை சாப்பிடாதவர்களுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்தால் என்ன?' என்று ஒரு யோசனை பிறந்தது. 1996-ல் அமெரிக்காவில் 200 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி நல்லது என்றது. ஹாலந்திலிருந்து வந்த ஆராய்ச்சிகள் ரொம்ப ரொம்ப நல்லது என்றன. உலகமெங்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சரிதானா என்று பார்க்கத்தான் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து டாக்டர் டெவரோ தலைமையில் 'பாய்ஸ்' என்ற பெரிய பரிசோதனை நடந்தது. 23 நாடுகள், 190 ஆஸ்பத்திரிகள், 8,351 நோயாளிகள். நம் இந்தியாவும் அதில் சேர்ந்திருந்தது. பாதிப் பேருக்கு மெட்டோபுரோலால், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு ஆரம்பித்து, பெரிய அளவில் ஒரு மாதம் கொடுத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது.

ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் 15 பேரின் மாரடைப்பு தவிர்க்கப்பட்டது. ஆனால் கூடுதலாக 8 பேர் இறந்தார்கள், 5 பேருக்குப் பக்கவாதம் வந்தது. பிரஷரும் நாடியும் அளவுக்கு மீறி இறங்கியதுதான் முக்கிய காரணம். மாரடைப்பு குறைந்தது என்று மட்டும் எண்ணியிருந்தால் மருந்து ஜெயித்திருக்கும். உயிரையும் சேர்த்து எண்ணியதால் உண்மை தெரிந்தது. எனக்கு இந்தக் கணக்கைப் படித்தபோது, கறி காய்கிறதே என்று எட்டிப் பார்த்தவள் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்காத நிலைமைதான் ஞாபகம் வந்தது.

ஹாலந்து ஆராய்ச்சிகளின் கதை இன்னும் வருத்தமானது. அவற்றை நடத்திய ராட்டர்டாம் டாக்டரின் மேல், ஆராய்ச்சி விவரங்களை ஒழுங்காகச் சேகரிக்கவில்லை, நம்பகமில்லாதவற்றைச் சேர்த்திருக்கிறார் என்று புகார் எழுந்து, 2011 நவம்பரில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியே அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஐரோப்பாவின் வழிமுறைகள் 2014-ல் திருத்தப்பட்டன.

ஆகவே ஒரே மாத்திரைதான். பழகினவர் நிறுத்தினால் ஆபத்து, பழகாதவர் அன்றைக்குப் புதிதாகப் போட்டாலும் ஆபத்து. பக்கத்து வீட்டு மாமி, "எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்ல இதைத்தான் குடுத்தாங்க" என்று ஒரு அட்டையை நீட்டினால் கைநீட்டி வாங்காதீர்கள்.

ஸ்டென்ட், வால்வு வைத்திருப்பவர்கள்

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் சங்கடம் வேறு விதம். போட்டுக்கொண்டே இருந்தால் ஆபரேஷனில் ரத்தம் நிற்காது. நிறுத்தினால் அடைப்பு வரும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த சில மாதங்களுக்குள் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் ஒன்றாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கு மோசம் வரலாம். அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே பெரும்பாலும் உசிதம். குளோபிடோகிரலை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் சாதாரணமாக ஐந்து நாள் முன்பு. அதை இதய டாக்டர்தான் சொல்லவேண்டும்.

ஸ்டென்ட் எதுவும் இல்லாமல், 'வயசாச்சு, நல்லது' என்று தினம் ஒரு ஆஸ்பிரின் போடுகிறவர்கள் உண்டு. 10,010 பேரை வைத்துச் செய்த இன்னொரு பரிசோதனை 2014-ல் வந்தது. ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பிரின் கொடுத்ததால் மாரடைப்போ மரணமோ குறையவில்லை, ரத்தப்போக்குதான் அதிகமாயிற்று. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு வைத்துக்கொண்ட பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் முயற்சியால் உருவான 'சித்ரா வால்வு' 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. விலை குறைந்த அந்த உள்நாட்டு வால்வினால் பிழைத்தவர்கள் ஏராளம். இந்த மாதிரி வால்வு உள்ளவர்கள் ஆயுளுக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடவேண்டும். பெரிய ஆபரேஷன் வந்தால் அதைச் சில நாள் நிறுத்தி, அந்த இடைவெளியில் தேவையானவர்களுக்கு ஹெபாரின் ஊசி போட்டு, ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மேஜைக்குக் கொண்டுபோவார்கள். பல் பிடுங்குவதற்கெல்லாம் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. பல் வலிக்கிறது என்று வீட்டிலேயே அசிட்ரோமை நிறுத்தி வால்வு அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்!

இளம் தாய்மார்களுக்கு

"எனக்கு என்ன, இன்னும் முப்பதே ஆகவில்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை உங்கள் அலமாரியில் இருக்கிறதா? அது புரோபிரனலாலாக இருக்கலாம். தலைவலி மாத்திரைதானே என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம்.

கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறாமல் இருக்கச் சிலருக்குச் சின்ன அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். அடிக்கடி கலைந்துபோனவர்களில் சிலருக்கு வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஹெபாரின் வகை ஊசி கொடுக்கிறார்கள். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பதுதான் வழக்கம். ஹெபாரின் ஊசி போட்ட சூட்டோடு முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தின் பக்கத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அளவைப் பொறுத்து 12 மணி நேரமோ 24 மணி நேரமோ இடைவெளி வேண்டும். வலி எடுத்தால், கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். காலண்டர் தாளில் நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் இதற்கு நல்லது.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி லாபெட்டலால், நிஃபெடிபின் சாப்பிடுகிறவர்களும் சிசேரியன் நாளன்று தாங்களாக நிறுத்தக்கூடாது. பிரசவம் ஆனபின் கர்ப்பப்பை சுருங்கப் போடும் ஊசிகளில் மெத்தர்ஜின் என்பது பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்த்து வேறு கொடுப்பார்கள். இதற்காகவும் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

எடுத்துப்போகவேண்டியது என்ன? அட்டையோடு மாத்திரைகள். உதிரியாகக் காகிதக் கவரில் கொடுத்திருந்தால் பெயரைக் கேட்டு மேலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வெள்ளையா, வட்டமா இருக்கும்" என்றால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. நாட்டு மருந்து, லேகியம், பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சர்ப்பகந்தா இன்றும் சில மருந்துகளில் சேர்கிறது. முக்கியமாக, இதையெல்லாம் முதல் நாள் ராத்திரி அல்ல, தேதி குறிக்கும் அன்றே காட்டவேண்டும். ஐந்து நாள் முன்பு நிறுத்தவேண்டியதை முதல் நாள் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

வீட்டுக்கு வந்தபிறகு

நிறுத்தின மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க மறந்துபோவதும் நடக்கிறது. லோசார்டன் வகையை, பிரஷர் நிலைப்பட்டு ஆகாரம் இறங்க ஆரம்பித்ததும், பொதுவாக இரண்டு நாளுக்குள் திரும்பக் கொடுக்கிறார்கள். ரத்தம் உறையாத மாத்திரைக்கு, புண்ணில் கசிவு நின்றதைப் பார்த்து டாக்டர் தேதி சொல்வார். எதை, என்றைக்கு, எந்த அளவில் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். என் மாமியார் சீட்டில் லோசார்டன் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் கேட்டபிறகு பேனாவால் எழுதிக்கொடுத்தார்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரையைக் கடையில் வாங்கி ஒன்றிரண்டு வாரம் போடுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. லோசார்டனோடும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடும் இது சேர்ந்தால் சிறுநீரகம் கெடும், பிரஷரும் ஏறும். பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்திருக்க விடாதீர்கள். இரண்டு நிமிஷம் கால் தொங்கப்போட்டு உட்காரவைத்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்தபின் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம்.